ஸ்கிரீன் ரீடர் குரல் காதைப் படுத்துதா? இந்த செட்டிங்ஸை மாத்திப் பாருங்க!

என் பெரியப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்ததில், போன் திரையில் இருக்கும் எழுத்துகள் அவருக்குத் தெரிவதில்லை. போன வருஷம் அவர் மகன் ஊருக்கு வந்தபோது, போனில் ஸ்கிரீன் ரீடரை ஆன் செய்து கொடுத்துவிட்டுப் போனான். இரண்டே நாளில் பெரியப்பா அதை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என்னமோ படபடன்னு இங்கிலீஷ்ல பேசுது பாப்பா. என்ன சொல்லுதுன்னு புரியறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுது" என்றார்.

அதற்குப் பிறகு, வரும் மெசேஜையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன்தான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவான். நல்ல பையன்தான். ஆனால், சத்தமாக வாசிப்பான். பென்ஷன் எவ்வளவு ஏறியது, பேங்கில் மீதி எவ்வளவு என்பதெல்லாம் பெரியப்பாவுக்குத் தெரியும்போதே தெருவுக்கும் தெரிந்துவிடும்.

பொங்கலுக்குப் போனபோது அந்த போனை வாங்கி நான் மாற்றியது நாலே விஷயம்: மொழி, குரல், வேகம், எவ்வளவு பேச வேண்டும் என்பது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது அவர் மெசேஜை அவரே கேட்டுக்கொள்கிறார்.

'ஸ்கிரீன் ரீடர் எனக்கு செட் ஆகல' என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அதன் குரல் செட்டிங்ஸைத்தான். போன் வரும்போதே இருக்கிற வேகமும் குரலும் உங்கள் காதைக் கேட்டு வைத்தவை இல்லையே! இந்தக் கட்டுரையைக் கண்ணால் படிக்கிறீர்களோ, காதால் கேட்கிறீர்களோ... பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

வாசிப்பவர் வேறு, குரல் வேறு!

திரையில் இருப்பதைப் பேச்சாக மாற்றிச் சொல்வதுதான் ஸ்கிரீன் ரீடர். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக். ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டுமே 2009-ம் ஆண்டு வந்தவை. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு, 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய என்விடிஏ இருக்கிறது. மூன்றுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆண்ட்ராய்டில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். 'இப்போது எதைச் சொல்ல வேண்டும்' என்று முடிவு செய்வது டாக்பேக். அதை 'எந்தக் குரலில், எந்த வேகத்தில்' சொல்வது என்பது டெக்ஸ்ட் டு ஸ்பீச் இன்ஜின் என்கிற இன்னொரு ஆப்பின் வேலை. அதனால் செட்டிங்ஸும் இரண்டு இடத்தில் இருக்கும். குரல் பிடிக்கவில்லை என்றால் இன்ஜினில் மாற்ற வேண்டும். தேவையில்லாததை எல்லாம் பேசுகிறது என்றால் டாக்பேக்கில் மாற்ற வேண்டும். இது தெரியாமல் ஒரே இடத்தில் தேடித் தேடி, 'இந்த போன்ல அந்த ஆப்ஷனே இல்லை' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

ஆன் பண்றதுக்கு முன்னாடி, ஆஃப் பண்ணத் தெரிஞ்சுக்கோங்க

டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ ஆன் ஆனதும், தொடும் முறையே மாறிவிடும். ஒரு முறை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். திறக்க வேண்டுமென்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. ஸ்க்ரோல் செய்ய ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐபோனில் மூன்று விரல். இது தெரியாமல் ஆன் செய்துவிட்டு, 'போன் ஹேங் ஆயிடுச்சு' என்று பதறியவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் முதலில் ஷார்ட்கட்டை வைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, டாக்பேக் என்று போனால் ஷார்ட்கட் இருக்கும். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து சில விநாடிகள் அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப் என்று வைத்துக்கொள்ளலாம். ஐபோனில், செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆக்சஸிபிலிட்டி ஷார்ட்கட் என்று போய் வாய்ஸ்ஓவரைத் தேர்வு செய்தால், பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் போதும். ஹோம் பட்டன் உள்ள மாடல் என்றால், அந்த பட்டனை மூன்று முறை. மாடலைப் பொறுத்து மெனு பெயர்கள் கொஞ்சம் மாறலாம். மேலே உள்ள தேடல் பெட்டியில் டாக்பேக் என்று தேடினால் கிடைத்துவிடும்.

பேச்சை நடுவில் நிறுத்துவதற்கும் வழி உண்டு. ஐபோனிலும், ஓரளவு புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் குரல் நின்றுவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியதே இதுதான். 'நான் சொன்னா நிறுத்தும்' என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

முதல்ல மொழி, அப்புறம் குரல்

பெரியப்பாவின் போனில் இருந்த முதல் பிரச்னை, குரல் ஆங்கிலக் குரலாக இருந்தது. ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் அதனால் ஒழுங்காக வாசிக்க முடியாது. தமிழ்க் குரலோ ஆங்கில வார்த்தைகளையும் நம்மூர் உச்சரிப்பில் ஒப்பேற்றிவிடும். அவருக்கு வரும் பேங்க் மெசேஜ் ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஆனால் கிரெடிட், டெபிட், பேலன்ஸ் என்ற மூன்று வார்த்தையும் தொகையும் காதில் விழுந்தால் அவருக்குப் போதும். அதனால் தமிழ்க் குரலையே வைத்தேன். போனின் மொழியையும் தமிழுக்கு மாற்றியதால், மெனுக்களும் தமிழிலேயே கேட்கின்றன.

ஆண்ட்ராய்டில் மாற்றும் வழி: டாக்பேக் செட்டிங்ஸுக்குள் டெக்ஸ்ட் டு ஸ்பீச் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதில் கூகுள் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொட்டு, இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா என்பதற்குள் போய், தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆண் குரல், பெண் குரல் என்று சில குரல்கள் எண் வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்துத் தேர்வு செய்யலாம். டவுன்லோடு செய்துவிட்டால் நெட் இல்லாதபோதும் அதே குரல் பேசும். டவர் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

ஐபோனில்: செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, வாய்ஸ்ஓவர், ஸ்பீச். 2022-ல் வந்த ஐஓஎஸ் 16-லிருந்து 'வாணி' என்ற தமிழ்க் குரல் இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ரோட்டாரில் சேர்த்துவைத்தால், தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். ரோட்டார் என்பது வேறொன்றுமில்லை. பழைய ரேடியோவில் குமிழைத் திருப்புவது மாதிரி இரண்டு விரலைத் திரையில் வைத்துத் திருகினால் வரும் மெனு.

எந்தக் குரலைத் தேர்வு செய்வது? 'இனிமையா இருக்கா' என்று பார்த்துத் தேர்வு செய்வதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு வரிக்கு இனிமையாக இருக்கும் குரல், ஒரு நாள் முழுக்கக் கேட்டால் அலுத்துவிடலாம். ர, ற வித்தியாசமோ, ல, ழ, ள வித்தியாசமோ உங்கள் காதுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். அதுதான் முக்கியம்.

வேகம்: கூட்டலாம்... ஆனா ஒரே நாள்ல இல்ல!

ஸ்கிரீன் ரீடரைப் பல வருஷமாகப் பயன்படுத்தும் நண்பர் யாராவது இருந்தால், அவர் போன் பேசுவதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நமக்கு அது வெறும் 'கிர்ர்ர்' சத்தம். அவர் அதற்குள் நாலு மெசேஜைக் கேட்டு, ஒன்றுக்குப் பதிலும் போட்டிருப்பார். சாதாரணப் பேச்சைப்போல இரண்டு மடங்கு, அதைவிடக் கூடுதல் வேகத்தில்கூட அவர்களால் கேட்க முடிகிறது. அது பிறவித் திறமை இல்லை, பழக்கம்தான். டைப்ரைட்டிங் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இயல்பான வேகத்திலோ, அதைவிடச் சற்றுக் குறைவாகவோ தொடங்கலாம். ஒரு வாரம் கழித்து ஒரு புள்ளி கூட்டுங்கள். 'முதல் நாள் கஷ்டமா இருந்தது, மூணாவது நாள் தெரியல' என்றால் சரியான ஏற்றம். மூன்று நாள் கழித்தும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தால், ஒரு புள்ளி இறக்கிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கம், ரொம்பவும் மெதுவாக வைப்பதும் உதவாது. ஒவ்வொரு வார்த்தையும் ஜவ்வாக இழுபடும். வாக்கியம் முடிவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். வயதானவர்களுக்கு செட் செய்து தருகிறவர்கள் 'பாவம், மெதுவா இருக்கட்டும்' என்று அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவதை நிறையப் பார்க்கலாம். அவர்களையே கேட்டு வையுங்கள்.

வேகத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் செட்டிங்ஸுக்குள் போக வேண்டாம். ஐபோனில் ரோட்டாரில் ஸ்பீக்கிங் ரேட்டை வைத்து, ஒரு விரலால் மேலே தள்ளினால் வேகம் கூடும். கீழே தள்ளினால் குறையும். ஆண்ட்ராய்டில் மூன்று விரலால் தள்ளி ரீடிங் கன்ட்ரோல்ஸில் ஸ்பீச் ரேட்டுக்கு வந்தால், அதே வேலையை ஒரு விரலில் செய்யலாம். வாட்ஸ்அப் அரட்டைக்கு ஒரு வேகம், மருந்துச் சீட்டுக்கு ஒரு வேகம் என்று உடனுக்குடன் மாற்றுவதற்கு இதுதான் வழி.

சத்தத்தைக் கூட்டினா மட்டும் போதாது

வயதாகும்போது காதில் முதலில் குறைவது கீச்சென்ற மேல் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் மழுங்கும். 'சத்தம் கேக்குது, வார்த்தை புரியல' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அவர்களுக்கு வால்யூமை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் தலைவலிதான் மிச்சம்.

குரலின் சுருதியை, அதாவது பிட்ச் என்பதைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். அல்லது கனமான ஆண் குரலுக்கு மாற்றிப் பாருங்கள். பலருக்கு இது உதவும். ஆனால் கொஞ்சம்தான், ரொம்ப இறக்கினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

வால்யூமிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் ரீடருக்குத் தனி வால்யூம் இருக்கிறது. டாக்பேக் பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் பட்டனை அழுத்தினால் அது மாறும். பேசாதபோது அழுத்தினால் பாட்டு, வீடியோவின் சத்தம்தான் மாறும். அத்துடன், ஆடியோ டக்கிங் என்ற ஆப்ஷனை ஆன் செய்தால், குரல் பேசும் நேரத்தில் பின்னணியில் ஓடும் பாட்டு தானாகத் தணிந்துகொள்ளும். இது ஐபோனிலும் உண்டு.

எல்லாத்தையும் பேசணுமா என்ன?

காது களைத்துப்போவதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: தேவையில்லாத பேச்சு. ஒவ்வொரு பட்டனிலும் அதன் பெயர், அது ஒரு பட்டன் என்ற தகவல், 'திறக்க இருமுறை தட்டவும்' என்ற குறிப்பு... முதல் வாரம் இதெல்லாம் வேண்டும். பழகிய பிறகு இது தினமும் நூறு முறை கேட்கும் அறிவுரை மாதிரி.

டாக்பேக் செட்டிங்ஸில் வெர்பாஸிட்டி என்ற பகுதிக்குப் போங்கள். ஹை, லோ, கஸ்டம் என்று மூன்று இருக்கும். கஸ்டமில், பயன்பாட்டுக் குறிப்புகளைப் பேசுவதை முதலில் ஆஃப் செய்யுங்கள். வாய்ஸ்ஓவரிலும் வெர்பாஸிட்டிக்குள் ஸ்பீக் ஹின்ட்ஸை நிறுத்தலாம். நிறுத்தற்குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். கதை கேட்கிறவருக்கு 'கமா', 'புள்ளி' எதுவும் வேண்டாம். கோடிங் எழுதுகிறவருக்கு ஒவ்வொரு அடைப்புக்குறியும் வேண்டும்.

தமிழுக்குன்னே வர்ற சிக்கல்கள்

தமிழில் ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். நடனத்தில் வரும் 'பாவம்', செய்யும் 'பாவம்' இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு வேறு. நமக்கு சூழல் புரியும். மெஷின் சில நேரம் மாற்றிச் சொல்லிவிடும். ஆட்களின் பெயர்களில் இது அதிகம் நடக்கும். ஐபோனில் வாய்ஸ்ஓவரின் ஸ்பீச் பகுதியில் உச்சரிப்பைத் திருத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அடிக்கடி வரும் பெயர்களை அதில் சேர்த்துவிடலாம்.

அடுத்தது, ஓடிபி. 482913 என்று வந்தால், 'நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று' என்று வாசித்துவைத்தால் எதை டைப் பண்ணுவது? வேகத்தைக் குறைத்தாலும் இது தீராது. ரீடிங் கன்ட்ரோல்ஸிலோ ரோட்டாரிலோ 'கேரக்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு விரலால் கீழே தள்ளத் தள்ள, நாலு, எட்டு, ரெண்டு என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லும். பெரியப்பாவுக்கு நான் சொல்லித்தந்ததில் அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிக்கெட் நம்பரை இலக்கம் இலக்கமாகச் சொல்லியே பழகியவர் அல்லவா!

மூன்றாவது சிக்கலுக்குக் காரணமே நாம்தான். 'எப்டி இருக்க' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டு அனுப்புகிறோமே, அது ஸ்கிரீன் ரீடரில் அரைகுறையாகத்தான் கேட்கும். எமோஜி போட்டால் அதன் பெயரை வாசிக்கும். ஒரே சிரிப்பு முகத்தைப் பத்து முறை போட்டால், கேட்கிறவருக்கு அது பெரிய தண்டனை. உங்கள் குரூப்பில் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் நண்பர் இருந்தால், தமிழை தமிழ் எழுத்திலேயே அடியுங்கள். எமோஜி ஒன்று போதும். படம் அனுப்பினால் கூடவே ஒரு வரி எழுதுங்கள்.

லேப்டாப்பில் என்விடிஏ

கல்லூரி, வேலை என்று வரும்போது என்விடிஏ கைகொடுக்கும். இன்சர்ட் கீதான் பொதுவாக என்விடிஏ கீ. அதோடு கன்ட்ரோலையும் 'வி'யையும் சேர்த்து அழுத்தினால் குரல் செட்டிங்ஸ் திறக்கும். கன்ட்ரோலுடன் மேல், கீழ் அம்புக்குறி என்றால் வேகம் கூடும், குறையும். இட, வல அம்புக்குறியில் வேகத்திலிருந்து சுருதி, வால்யூம் என்று மாறலாம். 'பி' சேர்த்தால் நிறுத்தற்குறி அளவு மாறும். ஸ்பீச் டிக்‌ஷனரி என்ற பகுதியில் தப்பாக உச்சரிக்கும் சொற்களைத் திருத்தலாம்.

என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் என்ற குரலுக்குத் தமிழும் தெரியும். முதல் தடவை கேட்டால் ரோபோ மாதிரி இருக்கும், 'இதுவா?' என்று தோன்றும். ஆனால் அது மனிதக் குரலைப் பதிவு செய்து ஒட்டியது இல்லை. ஒலியையே கணக்குப் போட்டு உருவாக்குகிறது. அதனால் வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் சொற்கள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியாகக் கேட்கும். வேகமாகக் கேட்கிறவர்கள் பலர் இயல்பான குரலை விட்டுவிட்டு ரோபோ குரலைத் தேடிப் போவது இதனால்தான். நாவல் கேட்க ஒரு குரல், வேலைக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொள்வதும் நல்ல யோசனைதான்.

உங்க விஷயம் உங்க காதுக்கு மட்டும்

வெளியிடத்தில் இயர்போன் கட்டாயம். ரோட்டில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் போடுங்கள். இன்னொரு காது வண்டிச் சத்தத்துக்கு வேண்டும். பாஸ்வேர்டு எழுத்துகளை வாசிக்கும் ஆப்ஷனை ஆஃபில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் திரையை எட்டிப் பார்க்காமல் இருக்கவும் வழி இருக்கிறது. வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை கறுப்பாகிவிடும், குரல் மட்டும் ஓடும். டாக்பேக் மெனுவில் இதே வேலைக்கு ஹைட் ஸ்கிரீன் இருக்கிறது.

இது ஏதோ கூடுதல் சலுகை இல்லை. டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது, அரசியலமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

செட்டிங் சரியா? 5 நிமிட டெஸ்ட்

செட்டிங்ஸில் வரும் மாதிரி வாக்கியத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இதைச் செய்து பாருங்கள்:

1. ஒரு பேங்க் மெசேஜைக் கேளுங்கள். தொகை ஒரே தடவையில் புரிந்ததா?

2. ஓடிபி ஒன்றை இலக்கம் இலக்கமாகக் கேட்டு, நேரம் முடிவதற்குள் டைப் செய்ய முடிகிறதா?

3. வீட்டு ஆட்கள் நாலு பேரின் பெயரை கான்டாக்ட்ஸில் கேளுங்கள். யார் என்று அடையாளம் தெரிகிறதா?

4. ஒரு செய்தியை முழுதாகக் கேளுங்கள். அதிலிருந்து மூன்று விஷயத்தைச் சொல்ல முடிகிறதா?

5. அடுப்படியில் மிக்ஸி ஓடும்போதும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாது. குழம்பிவிட்டால், ஆண்ட்ராய்டின் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதியில் ரீசெட் பட்டன் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

வேறொருவருக்கு செட் பண்ணித் தருகிறீர்களா? போனை அவர் கையில் கொடுத்து, அவர் விரலாலேயே செய்ய வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி உட்காருங்கள். அந்த இரண்டாவது உட்காரல்தான் முக்கியம். முதல் நாள் 'சரியா இருக்கு' என்றவர், ஏழாவது நாள்தான் எது இடிக்கிறது என்று சொல்வார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா போனை நீட்டி, "இதைக் கொஞ்சம் கூட்டி வை பாப்பா, ரொம்ப இழுக்குது" என்றார். நான் வாங்கவில்லை. "நீங்களே கூட்டுங்க பெரியப்பா" என்றேன். மூன்று விரல், அப்புறம் ஒரு விரல். கூட்டிவிட்டார்.